நான்காம் மாடிக்கு விறகு சுமந்தவர்

கால்வாயை ஒட்டிய குறுகலான தெரு அது. அங்கே மஞ்சள் பூச்சு உரிந்துபோன நாலு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு யாருல்லா இருபத்திரண்டு வருஷம் காவலாளாக இருந்தார். காசிமோவ் ஊருக்குப் பக்கத்தில், தாத்தார் முஸ்லிம்களின் கிராமம் ஒன்றிலிருந்து அவர் வந்து சேர்ந்தபோது ருஷ்யத் தலைநகரத்துக்குப் பீட்டர்ஸ்பர்க் என்று பெயர். ஜெர்மனியோடு போர் தொடங்கியதும் அதைப் பெத்ரோகிராத் என்று மாற்றினார்கள். பெயர் மாறியதால் அள்ள வேண்டிய பனி குறையவில்லை.

விடிவதற்குள் நடைபாதைப் பனியைச் சுரண்டித் தள்ள வேண்டும், மணல் தூவ வேண்டும். முற்றத்தில் விறகு பிளந்து, வசதியுள்ள வீடுகளுக்கு முதுகில் சுமந்து ஏற்ற வேண்டும். குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடப்பவர்களை எழுப்பி நடத்த வேண்டும். புதிதாகக் குடிவருபவர்களின் அடையாளத் தாள்களைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்கி வர வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அதே நிலையத்தில், அந்த வட்டாரத்துப் போலீஸ் அதிகாரியின் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்று, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஊரில் எல்லாக் காவலாட்களும் சொன்னார்கள். சொல்லாதவன் காவலாளாக நீடிக்கவில்லை.

அந்த அதிகாரியின் பெயர் ஸ்பிரிதோன் லூக்கிச். கனத்த உடம்பு, மெழுகு தேய்த்த மீசை. தாத்தார்களை அந்த ஊரில் கேலியாக இளவரசே என்று கூப்பிடுவார்கள். லூக்கிச் அதை வேறு யாரையும்விட நீட்டி முழக்கிச் சொல்வார்.

"வாங்க இளவரசே. அரண்மனைல எல்லாரும் சௌக்கியமா? யாரு வந்தா, யாரு போனா?"

"எல்லாரும் இருக்கற எடத்துலயே இருக்காங்க ஐயா."

"அது எப்பிடி, ஒரு எலிகூடவா வெளிய போகல?"

யாருல்லா ஏதாவது சொல்லிவைப்பார். இரண்டாம் மாடியில் சீட்டாட்டம், மூன்றாம் மாடியில் சமையற்காரிக்கும் எஜமானிக்கும் சண்டை. யாருக்கும் காயம் படாத செய்திகளாகப் பொறுக்கிக்கொண்டு போவது அவருக்குப் பழகியிருந்தது. குமாஸ்தா ஒருவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதிக்கொள்வான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தில், ஜனவரி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜார் மன்னரிடம் மனுக் கொடுக்கப் போன ஜனங்களை அவருடைய சிப்பாய்களே சுட்டார்கள். மறுநாள் காலை பத்துத் தெருக் காவலாட்களையும் திரட்டி, பனியில் உறைந்திருந்த ரத்தத்தை இரும்புச் சுரண்டியால் எடுக்கச் சொன்னார்கள். யாருல்லாவும் போனார். சுரண்டியது மேலோடு வந்துவிட்டது, அடியில் கற்களுக்கு நடுவே இறங்கியது வரவில்லை. மணல் போட்டு மூடினார்கள். அதைப் பற்றி அவர் மனைவி மஹ்பூபாவிடம்கூட அதிகம் பேசியதில்லை. ஆனால் அதன் பிறகு மன்னரின் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவருக்கு அலுப்புத்தான் வந்தது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஒரு வசந்தகாலத்தில், காயம் படாத செய்தி கையில் இல்லாமல் போயிற்று.

நான்காம் மாடியில் கிளாஃபிரா என்று ஒரு விதவை இருந்தாள். தையல் வேலை. அவளுடைய ஒரே மகள் லிதியாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, பெண்களுக்கான மேல்படிப்பு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். லூக்கிச் அன்றைக்குக் கேலி பேசவில்லை.

"நாலாம் மாடிப் பொண்ணைப் பாக்க யாரு வர்றா?"

"தெரியலீங்க ஐயா."

"தெரியலியா? சரி. உன் பொண்டாட்டி இந்த ஊர்ல தங்கறதுக்கான முத்திரை இந்த மாசத்தோட முடியுது. அதாவது தெரியுமா?"

மஹ்பூபா அப்போது மார்புச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊருக்கு அனுப்பினால் அந்தப் பயணத்திலேயே போய்விடுவாள். யாருல்லா கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரு வர்றாங்க. செவ்வாயும் வெள்ளியும். வரும்போது கைல மூட்டை இருக்கு, போகும்போது இல்ல. எனக்கு எழுத வராதுங்க, எதுலயும் கையெழுத்து போடச் சொல்லாதீங்க."

"நீ சொன்னா போதும். நாங்க எழுதிக்கறோம்," என்றார் லூக்கிச்.

எழுத வராது என்றது பொய். மதரஸாவில் தன் மொழியும், இந்த ஊருக்கு வந்தபின் ருஷ்ய எழுத்தும் கற்றவர்தான். தன் கையால் எழுதவில்லை என்று ஒரு ஆறுதலாவது மிஞ்சட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

நாலாவது நாள் விடியற்காலையில் சோதனைக்கு வந்தார்கள். சட்டப்படி ஒரு சாட்சி வேண்டும், அதற்கும் காவலாள்தான். யாருல்லா அந்த அறையின் மூலையில் நின்றார். தையல் மெஷினுக்கு அடியில் துணி மூட்டைக்குள், மன்னருக்கு எதிரான துண்டுப்பிரசுரம் அச்சடிக்கும் ஈய எழுத்துகள் கிடைத்தன. "செவ்வாயும் வெள்ளியும் வர்ற அந்த ரெண்டு பேரு எங்கே?" என்று லூக்கிச் கேட்டார். லிதியா எழுந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். படியிறங்கும் முன் யாருல்லாவைப் பார்த்து, "யாருல்லாண்ணா, அம்மாவுக்கு முழங்கால் முடியாது. விறகை மட்டும் மேல ஏத்திக் குடுத்துருங்க," என்றாள்.

சைபீரியாவில், யெனிசேய் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்கு அவளை அனுப்பினார்கள். தண்டனை முடியும் சமயத்தில் அங்கே வேறு ஏதோ தகராறு, இன்னும் சில வருஷம் கூடியது.

யாருல்லா பத்து வருஷம் நான்காம் மாடிக்கு விறகு சுமந்தார். எழுபத்தாறு படி. கிளாஃபிரா கதவைத் திறப்பாள், அவர் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டுப் பட்டையையும் தூளையும் பெருக்கி எடுத்துக்கொண்டு இறங்குவார். "முழங்கால் எப்பிடி இருக்கும்மா?" என்பார். "இருக்கு," என்பாள் அவள். இவ்வளவுதான் பேச்சு. மஹ்பூபா பிழைத்து எழுந்துவிட்டாள், ஆனால் மாடிப்படி ஏற அவளால் முடியாது. கணவரின் முதுகு வளைந்துகொண்டே வந்ததைக் காவலாளுக்கு ஒதுக்கிய கீழறையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

போர் வந்தது. கட்டடத்தில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள் போனார்கள், இரண்டு பேர் திரும்பினார்கள், அதில் ஒருவனுக்குக் கால் இல்லை. மூன்றாவது குளிர்காலத்தில் ரொட்டிக்கடை வரிசை தெரு முனையைத் தாண்டிக் கால்வாய்ப் பாலம் வரை நீண்டது. மஹ்பூபா நெஞ்சில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நாலு மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வருவாள். வரிசையில் நிற்கும் பெண்கள் முன்பெல்லாம் மந்திரிகளைத் திட்டுவார்கள். இப்போது மன்னரையும் மகாராணியையும் பெயர் சொல்லித் திட்டினார்கள். பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் காதில் விழாததுபோல் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அந்த ஜனவரியில் ஒரு காலை, லூக்கிச் கீழறைக்கு வந்தார். மீசையில் மெழுகு இல்லை. கோட்டு தோளில் தொங்கியது.

"யாருல்லா, மாவு ஏதாச்சும் மிச்சம் இருக்குமா? கொஞ்சம் போதும். வீட்ல கொழந்தைங்க."

அவர் வாயிலிருந்து தன் பெயர் வந்ததை யாருல்லா அன்றுதான் கேட்டார். மஹ்பூபா ஒரு கிண்ணம் ரை தானிய மாவைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். அவர் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ரக்கியாத்தா, இந்த ஆளே நம்மகிட்ட வந்து கையேந்தறான்னா, மேல ஒண்ணுமே மிச்சமில்லன்னு அர்த்தம்." ரக்கியா அவர்களுடைய மகள், ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகளின் பெயரோடு அத்தா, அதாவது அப்பா, என்று சேர்த்துத்தான் அவள் கணவரைக் கூப்பிடுவாள்.

"நமக்கென்ன. மேல யாரு இருந்தாலும் பனி கீழதான் விழும்."

பிப்ரவரி முடிவில் அது நடந்தது. முதலில் பெண்கள் ரொட்டி கேட்டு இறங்கினார்கள், பிறகு ஆலைகள் மூடின, கூட்டத்தை விரட்ட வந்த குதிரைப்படை விரட்டாமல் நின்றது. ஒரு திங்கட்கிழமை சிப்பாய்களே தங்கள் அதிகாரிகளை விட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். அன்று மாலை காவல் நிலையம் எரிந்தது. கருகிய காகிதம் தெருவெல்லாம் பறந்து புதுப்பனி மேல் படிந்தது. யாருல்லா காலையில் அதையும் சேர்த்து அள்ளினார். ஒரு தாளில் பாதி வரி வாசிக்க முடிந்தது, யாருடைய கட்டடத்தைப் பற்றியோ, யார் சொன்னதோ. தான் சொன்னதும் இதேபோல் எங்கோ பறந்திருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு லேசானது. அடுத்த நிமிஷமே வெட்கமாக இருந்தது. மீண்டும் அள்ள ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை நடுப்பகல். அவர் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். லூக்கிச் பின்வாசல் வழியாக வந்தார். உடம்புக்குச் சிறியதான யாருடையதோ பழைய கோட்டு, சவரம் செய்யாத முகம். மீசையை மழித்திருந்தார், அந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

"ஒரு மணி நேரம். இருட்டினதும் போயிடறேன்."

"என்கிட்ட ஏன் வந்தீங்க?"

"வேற எங்க போவேன்? உனக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணலியே."

அதை அவர் உண்மையாகவே நம்பிச் சொன்னார். யாருல்லா சரி என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திரும்பி நின்று கோடாலியை ஓங்கினார். பின்னால் விறகுக் கொட்டகையின் கதவு கிரீச்சிட்டது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஆறேழு பேர் முற்றத்துக்குள் வந்தார்கள். இரண்டு சிப்பாய்கள், கண்ணாடி போட்ட ஒரு மாணவன், டிராம் கண்டக்டர் உடுப்பில் ஒரு பெண். எல்லார் கையிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"ஏ இளவரசே, போலீஸ்காரன் எவனாச்சும் இங்க நுழைஞ்சானா?" என்றான் மூத்த சிப்பாய்.

"இல்லீங்க."

"நெசமா? நீங்கள்லாம் அவனுங்க வளத்த நாயிங்கதானே."

"எனக்குத் தெரிஞ்சு யாரும் வரல."

பயத்தால் சொன்ன பொய் அல்ல அது. லூக்கிச் மேல் இரக்கமும் பெரிதாக இல்லை. இன்னொரு ஆளைச் சுட்டிக்காட்ட அவர் வாய் எழவில்லை, அவ்வளவுதான்.

அப்போது கிளாஃபிரா படியிறங்கி வந்தாள். சால்வைகூடப் போடவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்து வாசலில் நின்றாள். யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"விறகுக் கொட்டகைல இருக்கான். எடது பக்கம்."

லூக்கிச்சை இழுத்து வந்தார்கள். தலைமுடியெல்லாம் மரத்தூள். அவர் சத்தம் போடவில்லை. அந்த மாணவன்தான் கத்திக்கொண்டிருந்தான். மூத்த சிப்பாய் யாருல்லா பக்கம் திரும்பித் துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தான். அவர் விறகுக் குவியலின் மேல் விழுந்தார். மறுபடி ஓங்கியபோது கிளாஃபிரா பனியில் இறங்கி நடுவில் வந்தாள்.

"அவனை விடு. அவன் குனிஞ்சு விறகு வெட்டிட்டிருந்தான், பாக்கல. நான் மேலேர்ந்து பாத்தேன்."

"நீ யாரு?"

"என் பொண்ணு சைபீரியால இருக்கா. இவன் கொண்டுபோனதுதான்," என்று லூக்கிச்சைக் காட்டினாள்.

டிராம் கண்டக்டர் பெண் சிப்பாயின் கையைப் பிடித்து இறக்கினாள். லூக்கிச்சைக் கால்வாய்ப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. அன்று ஊர் முழுக்க வெடித்துக்கொண்டுதான் இருந்தது, எது எதற்காக வெடித்தது என்று யாருக்கும் தெரியாது. லூக்கிச்சை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மஹ்பூபா உப்புத் தண்ணீரில் அவர் வாயைக் கழுவினாள். முன்பல் இரண்டு போயிருந்தன. அந்த வாரக் கடைசியில் மன்னர் முடிதுறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. தெருவில் பாடினார்கள், முன்பின் தெரியாதவர்கள் முத்தமிட்டுக்கொண்டார்கள். யாருல்லா கூட்டம் போன பிறகு வெளியே வந்து, அவர்கள் கொறித்துத் துப்பி மிதித்த சூரியகாந்தி விதைத் தோலைப் பெருக்கினார்.

நான்காம் மாடியில் விறகு தீர்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் ஏறினார். அடுக்கி முடித்துத் துடைப்பத்தை எடுத்தபோது கிளாஃபிரா சொன்னாள்:

"வெச்சிட்டு உக்காரு."

பத்து வருஷத்தில் அந்த வீட்டில் அவர் உட்கார்ந்ததில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் சமோவாரிலிருந்து தேநீர் ஊற்றி வைத்தாள். சர்க்கரை இல்லை.

"வாய் ஆறிடுச்சா?"

"பரவால்லம்மா."

"செவ்வா, வெள்ளின்னு சோதனைக்கு வந்த அன்னைக்கு லூக்கிச் வாயைத் தொறந்தப்பவே எனக்குத் தெரியும். அந்த ரெண்டு பசங்களுக்கும் வாசக்கதவைத் தொறந்து விட்டவன் நீ ஒருத்தன்தானே."

யாருல்லா கோப்பையைத் தொடவில்லை. அடுப்பில் ஈர விறகு சீறியது.

"பத்து வருஷமாவா?"

"பத்து வருஷமா. நீ மூச்சு வாங்கிட்டு ஏறி வருவே. விழுந்து சாகட்டும்னு கேட்டுட்டே உக்காந்திருப்பேன். அப்பறம் கதவைத் தொறப்பேன். வேற யாரு கொண்டாந்து குடுப்பா?"

"என் சம்சாரம் அப்ப ஆஸ்பத்திரியில..."

"வேணாம், சொல்லாத. காரணம் இருந்திருக்கும். எல்லாருக்கும் இருக்கு." அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "அவன் கெடைச்சா என்ன பண்ணணும்னு நான் யோசிக்காத நாளே இல்ல. கடைசியில பாரு, ஜன்னல்ல நின்னேன், எறங்கி வந்தேன், ரெண்டு வார்த்தை சொன்னேன். முடிஞ்சுது. இவ்வளவு சுலபமான்னு ஆயிடுச்சு. அவன் தலையில மரத்தூளு. இப்ப கண்ணை மூடினா அதான் வருது, என் பொண்ணு மொகம் வர மாட்டேங்குது."

"அவர் செஞ்சதுக்கு..."

"தெரியும். செஞ்சான். அவன் பாவம்னு நான் சொல்லல. அசதியா இருக்குன்னு சொல்றேன். தேத்தண்ணி ஆறுது, குடி."

குடித்தார். பல் போன இடத்தில் சூடு எரிந்தது. இறங்கும்போது எழுபத்தாறு படியும் அதே எழுபத்தாறுதான், ஆனால் பாதியில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டார்.

கட்டடத்துக்கு ஒரு குழு அமைந்தது. தலைவர் இரண்டாம் மாடி வக்கீல் அர்க்காதி ஃபோமிச். நல்ல மனிதர், முதல் காரியமாகக் காவலாளை எல்லாரும் மரியாதையாகப் பேச வேண்டும் என்று தீர்மானம் போட்டார். மார்ச் முடிவில் யாருல்லாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பாருங்க யாருல்லா, இப்ப நீங்களும் நானும் சரிசமம். முதல் மாடில அந்த கர்னல் வீட்டுக்கு யாரெல்லாம் வர்றாங்கன்னு கொஞ்சம் கவனிங்க. பழைய ஆளுங்க கூடிப் பேசறாங்கன்னு கேள்வி. யாராச்சும் மாவு பதுக்கினாலும் சொல்லுங்க. இது போலீசுக்கு இல்ல, ஜனங்களுக்காக."

"எனக்கு எழுத வராதுங்களே."

"எழுத வேண்டாம். நீங்க சொன்னா போதும், நான் எழுதிக்கறேன்."

யாருல்லா சிரித்துவிட்டார். ஏன் என்று வக்கீலுக்குப் புரியவில்லை. வாயில் காயம், பேச வலிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அதன்பிறகு வக்கீல் கூப்பிட்டபோதெல்லாம் அவருக்கு ஒரு வேலை இருந்தது.

ஏப்ரல் கடைசியில் லிதியா வந்தாள். புது அரசாங்கம் நாடு கடத்தப்பட்டவர்களை எல்லாம் விடுவித்திருந்தது. வாடகைக் குதிரைவண்டியிலிருந்து இறங்கியவளை யாருல்லாவுக்கு அடையாளம் தெரியவில்லை. இருபத்தொன்பது வயதில் பாதி தலை நரைத்திருந்தது, இடது கையில் இரண்டு விரல் உறைபனியில் கருகிக் குட்டையாகியிருந்தன. அவளுடைய மரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். தாயும் மகளும் கட்டிக்கொண்டு நின்றபோது பெட்டியை மெல்ல இறக்கிவிட்டு நழுவப் பார்த்தார்.

"யாருல்லாண்ணா, நில்லுங்க." லிதியா வந்து அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "அம்மா கடுதாசில எழுதுவா. விறகு வந்துச்சு, யாருல்லா கொண்டாந்தான்னு. ஒவ்வொரு கடுதாசிலயும். அங்க இருந்தப்ப எனக்கு அது எவ்வளவு ஆறுதல்னு உங்களுக்குத் தெரியாது. போலீஸ்காரனுங்க நடுவுல நீங்க ஒருத்தர் மனுஷனா இருந்தீங்க."

யாருல்லா கிளாஃபிராவைப் பார்த்தார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சமோவாருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கரித்துண்டு ஒன்று கீழே விழுந்தது, அதை எடுத்துப் போட்டாள்.

"என் வேலைதானேம்மா," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.

கீழறையில் மஹ்பூபா முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் காவலாள் பித்தளை வில்லையைக் கழற்றி ஜன்னலில் வைத்தார்.

"ஊருக்குப் போயிடலாமா?"

"என்ன ஆச்சு ரக்கியாத்தா?"

"அந்தப் பொண்ணு எனக்கு நன்றி சொல்லுது."

அவளுக்கு அந்த விஷயம் முழுதும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் முத்திரை எப்படிப் புதுப்பிக்கப்பட்டது என்று அவள் கேட்டதும் இல்லை. கத்தியைக் கீழே வைத்து, நறுக்கியதைப் பாத்திரத்தில் வழித்துப் போட்டாள். பிறகு, "ஜூன்ல ரயில்ல எடம் கெடைக்கும்," என்றாள்.

ஜூனில் போனார்கள். போர்முனையை விட்டு ஓடிவந்த சிப்பாய்கள் ரயில் கூரைமேல்கூட உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் மருமகன் ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்தான். பண்ணையார் நிலத்தைப் பிரிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தலைநகரத்தில் இருந்தவர், விவரம் தெரிந்தவர் என்று கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, தூங்கிவிட்டார்.

அக்டோபரில் கிளாஃபிராவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ரொட்டி இன்னும் குறைந்துவிட்டது, லிதியா எப்போதும் கூட்டங்களுக்கே போகிறாள், இருமல் நிற்கவில்லை, யாரோ புகார் எழுதிக்கொடுத்து வக்கீலைக் கைது செய்திருக்கிறார்கள். அவ்வளவுதான். நலமா என்றுகூட இல்லை.

யாருல்லா பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்தார். 'மதிப்புக்குரிய கிளாஃபிரா அவர்களுக்கு' என்பதற்கு மேல் ஓடவில்லை. கடைசியில், தலைநகரத்துக்குப் போகும் பக்கத்து வீட்டு ஆளிடம் ஒரு பை உலர்ந்த ஆப்பிளும் கொஞ்சம் தேனும் கொடுத்து, தெருவையும் கட்டடத்தையும் சொல்லி அனுப்பினார். அந்த ஆள் வழியில் என்ன ஆனான், பை போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து தபால் வருவதே நின்றுபோயிற்று.